பிளஸ் டூ-வில் பிரெஞ்சு: மார்க் வந்துடும்... மொழி வருமா? இரண்டாம் வருஷ முடிவில் என்ன தெரிஞ்சிருக்கணும்?

"அண்ணாச்சி, பிள்ளைக்குத் தமிழ் வேண்டாம், பிரெஞ்சு போட்டுருங்க. அள்ளி அள்ளி மார்க் போடுவாங்க." பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் கேட்கும் பேச்சுதான் இது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் இருந்து பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்கும் அப்பா, அம்மாக்களுக்கும் இந்த யோசனை யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. பருத்தியும் உளுந்தும் மழையை நம்பி இருக்கும் வீட்டில், கட்டுற ஃபீஸுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பது நியாயமான கேள்வி.

பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்த மாணவர் இப்போது பிளஸ் டூ வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதாவது பிரெஞ்சில் இரண்டாம் ஆண்டு. இந்த வருஷ முடிவில் அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? அந்த மார்க் எங்கே உதவும், எங்கே உதவாது? விரிவாகப் பார்க்கலாம்.

தமிழ் கட்டாயம்னு சட்டம் இருக்கே, எப்படி பிரெஞ்சு எடுக்க முடியுது?

2006-ல் வந்த தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஒவ்வொரு வகுப்பாக உயர்ந்து, 2015-16-ல் பத்தாம் வகுப்பை எட்டியது. அந்தச் சட்டம் பத்தோடு நின்றுவிடுகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ-வில் முதல் மொழிப் பாடமாகத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு, இந்தி, சமஸ்கிருதம், அரபி போன்றவற்றில் ஒன்றை எடுக்கலாம். பள்ளியில் அந்தப் பாடமும் அதற்கு ஆசிரியரும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதனால்தான் பத்து வருஷம் தமிழ் படித்த பிள்ளை, பதினோராம் வகுப்பில் பிரெஞ்சை 'அ, ஆ' என்று முதலிலிருந்து தொடங்குகிறது. பன்னிரண்டு வருஷம் படித்த மொழியில் எழுதும் தேர்வும், இரண்டு வருஷம் படித்த மொழியில் எழுதும் தேர்வும் ஒரே கடினத்தில் இருக்க முடியாது. மார்க் எளிதாக வருகிறது என்பதன் ரகசியம் இதுதான். வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

அந்த மார்க் எங்கே உதவும்?

பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃப் என்பது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொழிப் பாட மார்க் அதில் ஒரு புள்ளி கூடச் சேராது. எம்.பி.பி.எஸ்-க்கு நீட். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு நான்கு முக்கியப் பாடங்களின் 400 மார்க்கை வைத்துத்தான் தரவரிசை போடுகிறார்கள்.

அப்போ எங்கேதான் கணக்கில் வரும்? என்.ஐ.டி. போன்ற இடங்களுக்கு ஜே.இ.இ. மெயின் எழுதுபவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் அல்லது போர்டில் முதல் 20 பெர்சன்டைல் என்று ஒரு நிபந்தனை உண்டு, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 65 சதவீதம். அந்தச் சதவீதத்தைக் கணக்கிடும்போது ஒரு மொழிப் பாடமும் சேரும். மொத்த மார்க்கைப் பார்க்கும் சில தனியார் கல்லூரிகளிலும் உதவலாம். மற்றபடி மார்க் ஷீட்டில் பார்க்க அழகாக இருக்கும். முன்பு மாநில ரேங்க் அறிவித்த காலத்தில்கூட, தமிழை முதல் மொழியாக எடுத்தவர்களைத்தான் முதலிடத்தில் வைத்தார்கள். பிரெஞ்சு, சமஸ்கிருதம் எடுத்தவர்கள் பட்டியல் தனி. 2017-ல் ரேங்க் முறையே போய்விட்டது.

ஆக, மார்க்குக்காக மட்டும் பிரெஞ்சு எடுத்திருந்தால் கிடைப்பது கொஞ்சம்தான். மொழியாகவே கற்றுக்கொண்டால்தான் இரண்டு வருஷத்துக்குக் கைமேல் பலன். அதனால் இனி மொழிப் பக்கம் வருவோம்.

இரண்டு வருஷத்தில் எந்த அளவுக்கு வர முடியும்?

ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள் வைத்திருக்கிறார்கள். ஏ1 என்றால் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, விலை கேட்பது, மணி சொல்வது. ஏ2 என்றால் குடும்பம், ஊர், படிப்பு, நேற்று நடந்தது, நாளை செய்யப்போவது பற்றிச் சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசவும் எழுதவும் முடிவது. பி2 வந்தால்தான் அந்த மொழியிலேயே கல்லூரிப் பாடம் படிக்க முடியும்.

ஏ2-வை எட்ட சுமார் 160 முதல் 200 மணி நேர வகுப்பு தேவை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வாரத்துக்கு ஆறு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்றால் நான்கு மணி நேரம். வருஷத்துக்கு 30 வாரம் ஒழுங்காக நடந்தால் 120 மணி. இரண்டு வருஷத்தில் 240. கணக்குப்படி பிளஸ் டூ முடிக்கும்போது ஏ2 கையில் இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டுக்கு நியாயமாக வைக்கக்கூடிய இலக்கும் இதுவே.

ஆனா நடப்பது என்ன? பிரெஞ்சு பீரியடை எடுத்துக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் கொடுத்துவிடும் பள்ளிகள் இருக்கின்றன. பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வு என்பதால், பேசுவதைச் சோதிக்க ஆளில்லை. 90 மார்க்குக்கு எழுத்து, 10 மார்க்குக்கு அகமதிப்பீடு. கைடில் உள்ள பதிலை மனப்பாடம் செய்து 95 வாங்கிய மாணவர், வாய் திறந்து நான்கு வாக்கியம் சொல்ல முடியாமல் நிற்பது இப்படித்தான்.

இன்னொன்று. 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்தாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அழுத்தம் குறைந்தது நல்ல விஷயம். ஆனால் முதல் வருஷப் பாடத்தை ஓட்டிவிட்டு நேராகப் பிளஸ் டூ புத்தகத்துக்குப் போகும் பழைய பழக்கம் திரும்பினால், முதலில் அடி வாங்குவது பிரெஞ்சுதான். மற்றப் பாடங்களுக்குப் பத்தாம் வகுப்பு அஸ்திவாரம் இருக்கிறது. பிரெஞ்சுக்குப் பிளஸ் ஒன்தான் அஸ்திவாரமே.

பிளஸ் டூ-வில் புதுசா என்ன வரும்?

முதல் வருஷம் நிகழ்காலம். இரண்டாம் வருஷத்தின் பெரிய வேலை இறந்தகாலம். பிரெஞ்சில் அது இரண்டு வகை: 'பாஸே கொம்போஸே', 'எம்பார்ஃபே'. இந்த இரண்டையும் குழப்பாத மாணவர் இரண்டாம் ஆண்டைத் தாண்டிவிட்டார் என்றே சொல்லலாம்.

ஆங்கிலம் வழியாக விளக்கினால் இது தலைசுற்றும். தமிழ் வழியாகப் பாருங்கள். "நேத்து கம்மாய்க்குப் போனோம்" என்கிறோம். ஒரு தடவை நடந்து முடிந்த வேலை. இது பாஸே கொம்போஸே. "சின்ன வயசுல தினமும் கம்மாய்க்குப் போவோம்" என்கிறோம். வழக்கமாக நடந்த வேலை. நாம் 'போவோம்' என்று எதிர்கால உருவத்தைப் போட்டுப் பழைய பழக்கத்தைச் சொல்கிறோம், யாரும் குழம்புவதில்லை. அந்தப் 'போவோம்' வருகிற இடத்தில் பிரெஞ்சுக்காரர் எம்பார்ஃபே போடுவார். "மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அப்போ கரண்ட் போயிருச்சு" என்பதில் மழை எம்பார்ஃபே, கரண்ட் பாஸே கொம்போஸே. இதைத் தமிழில் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் கிடைத்தால் ஒரு மாதப் பாடம் ஒரு வாரத்தில் முடியும்.

இப்படித் தமிழ்ப் பிள்ளைக்கு உதவும் இடங்கள் இன்னும் உண்டு. நீ, நீங்கள் வித்தியாசம் ஆங்கிலத்தில் இல்லை. பிரெஞ்சில் 'த்யூ', 'வூ' என்று இருக்கிறது. வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்று ஆளுக்கேற்ப வினை முடிவு மாறுவதும் நமக்குப் புதிதல்ல. 'லே' என்பதற்குப் பின் 'அமி' வந்தால் 'லேஸமி' என்று நடுவில் ஓர் ஒலி முளைக்கும். புணர்ச்சி விதி படித்தவருக்கு இது ஆச்சரியமில்லை. 'வந்தான்' என்று வேகமாகச் சொல்லும்போது கடைசி 'ன்' மூக்கில் கரைகிறதே, கிட்டத்தட்ட அதே மூக்கொலி பிரெஞ்சிலும் உண்டு. கரிசல் வீடுகளில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ் என்று வளர்ந்த பிள்ளைக்கு நான்காவது மொழி அத்தனை பயமாக இருக்காது.

உதவாத இடமும் சொல்லணும். நமக்கு மேசை, புத்தகம் எல்லாம் அஃறிணை. பிரெஞ்சில் மேசை பெண், புத்தகம் ஆண், நிலா பெண், சூரியன் ஆண். காரணம் கேட்டுப் பயனில்லை. 'லு', 'லா' சேர்த்தே சொல்லை மனதில் பதிக்க வேண்டும். போவது, வருவது, பிறப்பது, இறப்பது போன்ற வினைகளுக்கு இறந்தகாலத்தில் துணைவினை வேறு. அதிலும் பேசுகிறவர் பெண்ணாக இருந்தால் எழுதும்போது கடைசியில் ஓர் எழுத்து கூடும். காதுக்குக் கேட்காது, பேப்பரில் விட்டால் மார்க் போகும். எண்களும் ஒரு வேடிக்கை: எழுபது என்பது அறுபத்துப் பத்து, எண்பது நான்கு இருபது, தொண்ணூறு நான்கு இருபது பத்து. சிரிக்காதீர்கள், நம்ம 'தொண்ணூறு'க்குள்ளும் ஒரு நூறு ஒளிந்திருக்கிறது.

தமிழை விட்டதால் நஷ்டம் உண்டா?

உண்டு, கவனிக்காவிட்டால். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ் கட்டாயம் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள். குறைந்தது 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். குரூப் 4-ல் தமிழ்ப் பகுதிக்கு மட்டும் 150 மார்க், அது ரேங்கிலும் சேரும். பிளஸ் ஒன்னில் தமிழ்ப் புத்தகத்தை மூடியவர், பட்டம் முடித்து குரூப் 4-க்கு உட்காரும்போது இடைவெளி ஐந்து வருஷம். அதனால் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடைக்குப் போடாமல் வைத்திருங்கள். பி.ஏ. தமிழ் படிக்கும் ஆசை கொஞ்சமாவது இருந்தால் பிரெஞ்சு பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

எட்டயபுரத்தில் பிறந்த பாரதி பிரெஞ்சு படித்தவர்தான். 1908-ல் அன்றைய பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான புதுச்சேரிக்குப் போய்ப் பத்து ஆண்டுகள் இருந்தார். ஆனால் அவர் எதையும் விட்டுவிட்டு அதைப் படிக்கவில்லை.

பள்ளி முடிஞ்சதும் இதை வச்சு என்ன செய்யலாம்?

பன்னிரண்டாம் வகுப்பு பிரெஞ்சு மார்க்கை வைத்து வெளிநாட்டில் யாரும் இடம் தரமாட்டார்கள். அதற்கு 'டெல்ஃப்' என்ற சான்றிதழ் இருக்கிறது. பிரான்ஸ் கல்வி அமைச்சகம் தருவது, ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னை, புதுச்சேரி அலியான்ஸ் பிரான்ஸேஸில் எழுதலாம். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மார்க். 50 எடுத்தால் பாஸ், ஆனால் ஒவ்வொன்றிலும் குறைந்தது 5 வேண்டும். பேசுவதில் முட்டை வாங்கினால் மற்ற மூன்றில் 75 எடுத்தாலும் ஃபெயில். பள்ளி மாணவர்களுக்கென்றே ஜூனியர் பிரிவும் உண்டு.

பிரான்ஸ் 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்க விரும்புவதாக 2024 ஜனவரியில் அதிபர் மக்ரோன் அறிவித்தார். கனடா 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் தனிப் பிரிவு வைத்து அழைக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கனடா கேட்பது கிட்டத்தட்ட பி2 அளவு. ஏ2 முடித்தவர் அங்கே போய்ச் சேர இன்னும் 400 மணி நேரமாவது படிக்க வேண்டியிருக்கும். பிளஸ் டூ பிரெஞ்சு போதும், விசா வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டும் முன் யோசியுங்கள்.

சரி, பிள்ளை சரியாப் படிக்குதான்னு வீட்டில் எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பெற்றோருக்கு பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. காலாண்டு முடிந்ததும் ஒருநாள் உட்காரச் சொல்லி, கைடு இல்லாமல், போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று இரண்டு நிமிடம் பிரெஞ்சில் பேசச் சொல்லுங்கள். தடுமாறலாம், தப்பு விடலாம். நிற்காமல் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வழி சொல்லி 60 வார்த்தையில் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஏ2 எழுத்துத் தேர்வில் கேட்பது ஏறக்குறைய இந்த அளவுதான்.

இரண்டும் வரவில்லை, ஆனால் மார்க் மட்டும் 90-க்கு மேல் என்றால் பள்ளியில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். வாரம் எத்தனை பீரியட் உண்மையிலேயே நடக்கிறது? வகுப்பில் யாராவது பிரெஞ்சில் பேசுகிறார்களா? பிளஸ் ஒன் பாடம் முழுசாக முடிந்ததா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இழுத்தால், டிசம்பர் வரை காத்திருக்காமல் பிளஸ் ஒன் புத்தகத்தைத் திரும்ப எடுப்பதே வழி. தினம் அரை மணி நேரம் போதும். சத்தமாகப் படிக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாலும் பரவாயில்லை.