கிணற்றடியிலிருந்து அளந்த பிள்ளை

1990 ஆனி மாதம் வலிகாமம் வடக்கில் எங்கள் ஊரை விட்டு ஓடியபோது அம்மா ஒரு தகரப் பெட்டியை மட்டும் கைவிடவில்லை. காணி உறுதிகளும் 1968 இல் கீறிய ஒரு பிளானும் அதற்குள் இருந்தன. சாவகச்சேரி, வன்னி, மல்லாகத்து நலன்புரி முகாம் என்று 26 வருடங்கள் போயின. 2016 இல் காணி விடுவிக்கப்பட்டு நான் திரும்பிப் போனபோது அம்மாவும் இல்லை, என் கணவரும் இல்லை. பெட்டி மட்டும் என்னிடம் இருந்தது.

காணியில் வீடு இல்லை. பூவரசம் வேலி இல்லை, பனைகள் இல்லை. எல்லைக்கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பற்றைக்குள் கிணறு மட்டும் பாதி தூர்ந்துபோய்க் கிடந்தது. இதை வாசிக்கும் சகோதரிகளில் எத்தனையோ பேர் இப்படி நின்றிருப்பீர்கள்.

அது என் சீதனக் காணி, ஆறு பரப்பு. கிழக்கே ஒழுங்கை, மேற்கே மச்சாளின் காணி. கிணறு இரண்டு காணிக்கும் நடு எல்லையில் இருந்தது. எனக்கு அரைப் பங்கு, அவவுக்கு அரைப் பங்கு என்று உறுதியில் எழுதியிருக்கிறது.

முதலில் வந்த சேவையர் புதுக் கருவியோடு வந்தார். கிழக்குப் பக்கத்துத் தார் வீதியின் ஓரத்திலிருந்து பிளானில் உள்ள அகலத்தை அளந்து கட்டை அடித்தார். இரண்டு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. கட்டையைப் பார்த்தால் கிணறு முழுவதும் என் பக்கம்! மச்சாள் அழுதா. உள்ளதைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசம்தான். "பிளானில அப்பிடித்தானே வந்திருக்கு" என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதம் நாங்கள் பேசவில்லை. வழக்குப் போடச் சட்டத்தரணியைப் பார்த்துவிட்டா என்றும் கேள்விப்பட்டேன்.

மாதர் சங்கத்துத் தலைவிதான் இன்னொரு சேவையரைக் கூட்டி வந்தா. முப்பது வயதுகூட இராத பெண்பிள்ளை. வந்ததும் கருவியை இறக்கவில்லை.

"அன்ரி, பழைய பிளான் ஏதும் இருக்கோ? உறுதியையும் ஒருக்கால் காட்டுங்கோ."

பாயை விரித்து அதில் இருந்து ஒரு மணித்தியாலம் வாசித்தாள். அந்தப் பிளானில் நீளம் அடியில் இல்லை, லிங்ஸில் இருந்தது. பழைய அளவைச் சங்கிலி 66 அடி. அதில் 100 லிங்ஸ். காணியின் அகலம் 150 லிங்ஸ், அதாவது 99 அடி. நீளம் 250 லிங்ஸ், 165 அடி. பெருக்கினால் 60 பேர்ச்சஸ், சரியாக ஆறு பரப்பு. பிறகு மச்சாளையும் கூப்பிடச் சொன்னாள். கிணற்றடியிலிருந்து அளந்து, வடமேற்கு மூலையில் ஓர் இடத்தைக் காட்டி அங்கே கிண்டச் சொன்னாள். இரண்டடி ஆழத்தில் பழைய எல்லைக்கல் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்லும் கிணறும் பிளானோடு பொருந்தின. அங்கிருந்து கிழக்கே 99 அடி அளந்தால், என் எல்லை தார் வீதிக்குள் 11 அடி போய் நின்றது. நாங்கள் இல்லாத காலத்தில் அந்த ஒழுங்கையை என் பக்கமாக அகட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு குழி நிலம் வீதிக்குள். முதல் அளவையில் அந்தக் குறை மச்சாளின் தலையில் விழுந்திருந்தது.

முதல் வந்தவர் பொய்காரர் என்று நான் நினைக்கவில்லை. கருவியும் பிழை சொல்லவில்லை. வீதி இன்று எங்கே இருக்கிறது என்று அது சரியாகத்தான் சொன்னது. 1968 இல் அது எங்கே இருந்தது என்பது அந்த மனிதர் தேடிப் பார்த்திருக்க வேண்டிய விசயம்.

தேத்தண்ணி குடிக்கும்போது, "இதெல்லாம் கம்பசில படிச்சதோ பிள்ளை?" என்று கேட்டேன். சிரித்தாள். சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் நில அளவை விஞ்ஞானம் படித்தவளாம். அங்கே சங்கிலியைப் பற்றிப் படித்தது கொஞ்சம்தான். பட்டம் எடுத்த பிறகு, இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், பழைய எல்லைகளை மீள நிறுவுவது பற்றி ஓய்வுபெற்ற சேவையர் ஒருவர் நடத்திய வகுப்பில் இரண்டு நாள் இருந்திருக்கிறாள். கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டுத்தான் போனாளாம். பாடம் ஆங்கிலத்தில். வீட்டுக்கு வந்து தமிழில் தனக்கு ஒரு கொப்பி எழுதி வைத்திருக்கிறாள். அந்தக் கொப்பியை எனக்குக் காட்டினாள். லிங்ஸ், பேர்ச்சஸ், குழி, ஹெக்டேயர் என்று பக்கம் பக்கமாக மாற்றுக் கணக்குகள்.

"படிச்சு முடிஞ்சுது எண்டு இந்தத் தொழிலில இருக்கேலாது அன்ரி. புதுசையும் படிக்க வேணும், பழசையும் படிக்க வேணும்" என்றாள்.

புதுசு என்றால் செய்மதியைக் கொண்டு இடம் குறிப்பது, கணினியில் வரைவது. 1999 இல் நாட்டின் ஆள்கூற்று முறையே மாறியதாம். முன்பு பீதுருதாலகால மலையில் 200,000 மீற்றர் என்று வைத்துத் தொடங்கிய கணக்கு, இப்போது 500,000 என்று தொடங்குகிறது. பழைய படத்தையும் புதிய படத்தையும் பொருத்தும்போது இது தெரியாதவர் தடுமாறுவார். சட்டமும் அப்படித்தான். 2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி, பதிவு செய்த நில அளவையாளரும் ஒவ்வொரு வருடமும் தொழில் அனுமதிப்பத்திரம் எடுத்திருக்க வேண்டும். "இந்த வருசத்து அனுமதிப்பத்திரம் இருக்கோ எண்டு கேளுங்கோ. கேட்டால் நாங்கள் கோவிக்க மாட்டம்" என்றாள். முதல் சேவையரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, எவ்வளவு காசு என்பதுதான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொன்னாள். சேவையர் நீதவான் அல்ல. அளந்து காட்டலாம், இரு பகுதியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் மாவட்ட நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும். அதற்கு எத்தனை வருடம் போகும், எவ்வளவு காசு கரையும் என்பது நமக்குத் தெரியாததா? மச்சாள் பிளானைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "கிணத்தை இறைப்பமே?" என்று மட்டும் கேட்டா. நான் தலையாட்டினேன்.

கிணறு இறைத்த செலவில் பாதி அவ தந்தா. இப்போது காலையில் என் முறை, பின்னேரம் அவவின் முறை. வீதிக்குள் போன பன்னிரண்டு குழிக்குப் பிரதேச செயலகத்தில் கடிதம் கொடுத்திருக்கிறேன், புதுப் பிளானின் பிரதியையும் இணைத்து. இன்னும் பதில் வரவில்லை. போன மாதம் கேட்கப் போனபோது பஸ் நிலையத்தில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். கையில் பை. கொழும்பில் இன்னொரு வகுப்பாம்.