அப்பத்தாவின் ஆடுகளும் நாற்பது கிலோமீட்டர் வட்டமும்

மே மாதம் புதுக்கோட்டைப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிற்பகல் மூன்று மணி. திண்ணையில் கால் வைத்தால் சுடுகிற வெயில். மேற்கே வெகு தொலைவில் மட்டும் பஞ்சுப் பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல ஒரு மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் கையில் இருந்த போன் திடீரென்று சத்தம் போட்டது.

"மாமா, நாப்பது கிலோமீட்டருக்குள்ள மின்னல் வெட்டுதாம்!"

"எங்கிட்டுத்தா? வானம் வெளுத்துக் கெடக்கு" என்றார் அவளுடைய அப்பத்தா. கையில் தொரட்டி. எட்டு ஆடுகளைக் கண்மாய்க் கரைக்கு ஓட்டிப்போக அவர் கிளம்பிவிட்டிருந்தார். அறுபது ஆண்டுகளாக வானத்தைப் பார்த்து ஆடு மேய்ப்பவர். அவர் கண்ணில் படாதது உள்ளங்கை அளவு போனுக்கு எப்படித் தெரிந்தது?

"போன்ல கேமரா இருக்குல்ல, அது பார்த்திருக்கும்" என்றாள் இவள்.

இல்லவே இல்லை. போன் எதையும் பார்க்கவில்லை. அது வெறும் தபால்காரர். வேறு யாரோ எழுதிய கடிதத்தை அது கொண்டுவந்து கொடுத்தது. எழுதியது யார் என்பதுதான் கதை.

அவள் போனில் இருந்த செயலியின் பெயர் 'தாமினி'. வடமொழியில் மின்னல் என்று பொருள். புனே நகரில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. திறந்தால் ஒரு வரைபடம் வரும். நடுவில் நீங்கள். உங்களைச் சுற்றி இரண்டு வட்டங்கள்: ஒன்று 20 கிலோமீட்டருக்கு, இன்னொன்று 40 கிலோமீட்டருக்கு. சற்று முன்பு மின்னல் வெட்டிய இடங்களில் புள்ளிகள் விழும். அன்று வெளிவட்டத்தின் ஓரத்தில், விராலிமலைப் பக்கம், அம்மைக் கொப்புளம்போலப் புள்ளிகள் முளைத்துக்கொண்டிருந்தன.

இதற்காக நாடு முழுவதும் 80-க்கும் மேற்பட்ட இடங்களில் உணரிகள் வைத்திருக்கிறார்கள். அவையும் மின்னலைப் பார்ப்பதில்லை. கேட்கின்றன. இடியை அல்ல, மின்னலையே கேட்கின்றன!

மின்னலை எப்படிக் கேட்பது என்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பரணில் பழைய ரேடியோ இருந்தால் நீங்களும் கேட்கலாம். அக்கா வீட்டில் ஒன்று இருந்தது. எஃப்.எம். அல்ல, மீடியம் வேவ் பக்கம் திருப்பி, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினேன். உஸ்ஸ்ஸ் என்று ஒரே இரைச்சல். அரை நிமிடம் கழித்து 'சட்ட்' என்று ஒரு வெடிப்பு. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அக்கா மகள் கண்ணை அகல விரித்தாள். அந்த ஒவ்வொரு 'சட்ட்'டும் விராலிமலைப் பக்கம் வெட்டிய ஒரு மின்னல். அங்கே இடித்த இடி எங்கள் காதுக்கு வரவே இல்லை. மின்னலின் ரேடியோ அலை மட்டும் வந்துவிட்டது.

நம் வீட்டு மின்விசிறியில் அரை ஆம்பியர் மின்சாரம்கூட ஓடுவதில்லை. ஒரு மின்னலில் சாதாரணமாக 30,000 ஆம்பியர் பாயும். அதுவும் கண்ணை மூடித் திறப்பதற்குள். குளத்தில் பாறாங்கல்லைப் போட்டால் அலை எழும்பிக் கரைவரை வரும் அல்லவா? இவ்வளவு மின்சாரம் ஒரே நொடியில் துள்ளி அடங்கினால், சுற்றிலும் ரேடியோ அலைகள் எழும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். உணரியின் ஆன்டெனா பிடிப்பது அந்த அலையைத்தான்.

சரி, அலை வந்தது என்று தெரிந்துவிட்டது. எங்கிருந்து வந்தது?

பள்ளி மைதானத்தில் ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்கள். மைதானத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். எங்கிருந்தோ ஒருவர் விசில் ஊதுகிறார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்டால், ஊதியவர் இருவருக்கும் சம தூரத்தில் இருக்கிறார். அதாவது, இருவருக்கும் நடுவே போகும் ஒரு நேர்க்கோட்டில் எங்கோ நிற்கிறார். ஒருவருக்குச் சற்று முன்னதாகக் கேட்டால்? அவர் பக்கமாக வளைந்த ஒரு கோட்டில் நிற்கிறார். பெரிய வகுப்பு அண்ணன் அக்காமார் அந்த வளைவை அதிபரவளையம் என்பார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது ஆள் ஒருவர் சேர்ந்தால் இன்னொரு வளைவு கிடைக்கும். இரண்டு வளைவுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விசில்காரர் அகப்படுவார். சில சமயம் வளைவுகள் இரண்டு இடங்களில் வெட்டிக்கொண்டு குழப்பும். அப்போது நான்காவது காது வந்து தீர்த்துவைக்கும்.

மைதானத்தில் உண்மையாகவே இதைச் செய்தால் தோற்றுத்தான் போவீர்கள். ஒலி ஒரு நொடிக்கு 340 மீட்டர் ஓடுகிறது, நம் காதுக்கு அந்தச் சின்ன வித்தியாசம் பிடிபடாது. ரேடியோ அலையின் வேகமோ நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். 300 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு உணரிகள் இருந்தால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் அலை வந்துசேரும் நேர வித்தியாசம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. கடிகாரம் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரக் கணக்கு 300 மீட்டர் பிசகிவிடும்.

அவ்வளவு துல்லியமான கடிகாரத்துக்கு எங்கே போவது? வானத்துக்குத்தான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக்கடிகாரங்களைச் சுமந்துகொண்டு சுற்றுகின்றன. மின்னல் உணரிகள் அவற்றைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கின்றன.

உங்கள் போன் நீங்கள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதும் அதே ஜி.பி.எஸ். வழியாகத்தான். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை எப்போது வந்தது என்று பார்த்து, போன் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. கொஞ்சம் யோசியுங்கள்: ஒரு குரலைப் பல காதுகள் கேட்டால் மின்னலின் இடம் தெரிகிறது. பல குரல்களை ஒரு காது கேட்டால் உங்கள் இடம் தெரிகிறது. ஒரே வித்தைதான், சட்டையை உள்புறம் வெளியே திருப்பிப் போட்டதுபோல. இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு அளந்தால் தாமினி சொல்லும் தூரம் வந்துவிடும். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அக்கா மகளிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை "தெரியும் மாமா" என்றாள்.

அப்பத்தா அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். "நாப்பது கிலோமீட்டர்னா மணப்பாறை பஸ்ஸுல போற தூரம். அங்க இடிச்சா நமக்கு என்ன?"

நல்ல கேள்வி. கோடை இடிமேகம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, காற்றோடு நகரும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், வெளிவட்டத்தில் இருப்பது உங்களிடம் வர ஒரு மணி நேரம். உள்வட்டத்தில் இருந்தால் அரை மணி. தொலைவில் இருக்கும் ஆட்டை ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப அந்த நேரம் வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. இடியோசை பொதுவாக 15 கிலோமீட்டருக்கு அப்பால் கேட்பது அரிது. மின்னலோ மேகத்தை விட்டுப் பக்கவாட்டில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக்கூட விழும். தலைக்கு மேலே வெயில் அடிக்கும்போதே விழும். ஆக, இடி காதில் கேட்கிறது என்றாலே நீங்கள் மின்னல் எட்டும் தூரத்துக்குள் வந்தாகிவிட்டது. 20 கிலோமீட்டர் உள்வட்டம் நம் காது எட்டுகிற தூரத்துக்குச் சற்று வெளியே இருப்பதைக் கவனித்தீர்களா? காது எச்சரிக்கும்போது ஓட வேண்டும், வட்டம் எச்சரிக்கும்போது நடந்தே போகலாம்.

நான் இதைச் சொன்னதும் அப்பத்தா மேற்கே திரும்பிப் பார்த்தார். பஞ்சுப் பொதி இப்போது பட்டறைக் கல் போலத் தலை தட்டையாகி, அடி கறுத்திருந்தது. எவரெஸ்ட் சிகரம் சுமார் 8.8 கிலோமீட்டர் உயரம். நம் ஊர் இடிமேகம் 15 கிலோமீட்டர்கூட எழும்பும். அவ்வளவு உயரத்தில் கடுங்குளிர். மேலே போகும் காற்றில் சின்னஞ்சிறு பனித்துகள்கள், கீழே விழும் குறுணிப் பனிக்கட்டிகள், இரண்டும் ஓயாமல் மோதி உரசும். துகள்கள் நேர்மின்னூட்டத்தோடு மேலே போய்விடும், கனத்த குறுணிகள் எதிர்மின்னூட்டத்தோடு கீழே தங்கும். சீப்பால் தலை வாரிக் காகிதத் துணுக்கைத் தூக்கியிருப்பீர்களே, அதே உரசல்தான். சீப்பு மட்டும் மலையைவிடப் பெரிது.

பிரிந்த மின்னூட்டம் ஒரு கட்டத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு பாயும். அந்தப் பாதையில் சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வெப்பம், சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு. சுட்ட காற்று வெடித்து விரியும் சத்தம்தான் இடி. இதனால்தான் 'இடி விழுந்தது' என்று நாம் சொல்வது எனக்கு வேடிக்கையாகப் படும். இடி வெறும் சத்தம், அது எப்படி விழும்? விழுவது மின்னல். ஆனாலும் மாடியில் நிறுத்தும் கம்பிக்கு 'இடிதாங்கி' என்றே பெயர் வைத்துவிட்டோம். இருக்கட்டும்.

"ஆடு புளிய மரத்தடியில நின்னா நனையாதுல்ல?" என்றாள் அக்கா மகள்.

நனையாது. ஆனால் அதுதான் ஆபத்து. உயரமான மரத்தில் மின்னல் இறங்கி, வேர் வழியாகத் தரையில் பரவும். ஆட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கிறது. தரையில் ஓடும் மின்சாரம் ஒரு கால் வழியே ஏறி, உடம்புக்குள் புகுந்து, மறு கால் வழியே இறங்கும். 2016 ஆகஸ்டில் நார்வே நாட்டு மலைச் சமவெளி ஒன்றில் 323 கலைமான்கள் ஒரே இடத்தில் இறந்து கிடந்தன. மழைக்குப் பயந்து ஒன்றையொன்று ஒட்டி நின்ற கூட்டம் அது. காரணம் மின்னல். நம் நாட்டிலும் ஆண்டுதோறும் 2,500 பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகிறார்கள். வயலில், வெட்டவெளியில் வேலை செய்பவர்களே அதில் அதிகம்.

கலைமான் கதையைக் கேட்டு அப்பத்தா தொரட்டியைச் சுவரில் சாத்தினார். "ஒரு நாள் அகத்திக் கொழை தின்னட்டும்" என்று ஆடுகளைக் கொட்டடிக்குத் திருப்பினார்.

தாமினி எல்லாம் அறிந்ததா என்றால், இல்லை. அடுத்த மின்னல் எந்த மரத்தில் விழும் என்று அதனால் சொல்ல முடியாது. ஏற்கெனவே வெட்டியதை வைத்து 'இந்தப் பக்கம் ஜாக்கிரதை' என்று மட்டும் சொல்லும். ஒரு மேகத்தின் முதல் மின்னல் உங்கள் ஊரிலேயே வெட்டினால் எச்சரிக்க அதற்கு நேரமே கிடைக்காது. போனில் இணையம் இல்லாவிட்டால் கடிதமும் வராது. இருப்பிடத்தை அணைத்து வைத்திருந்தால் நீங்கள் எங்கே என்றே தெரியாமல் விழிக்கும்.

தாமினியைத் தவிர வேறு செயலிகளும் உண்டு. இந்திய வானிலைத் துறையின் 'மௌசம்' செயலி 2020-ல் வந்தது. அது அடுத்த சில மணி நேரத்துக்கான எச்சரிக்கையை நிறத்தால் சொல்லும்: பச்சை என்றால் கவலை இல்லை, மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. காரைக்காலிலும் சென்னைத் துறைமுகத்திலும் இருக்கும் ராடார்கள் மேகத்தைத் துழாவிச் சொல்வதும் அந்தக் கணிப்புக்கு உதவுகிறது. தமிழ்நாடு அரசின் 'டி.என். அலர்ட்' தமிழிலேயே பேசும். எல்லாவற்றையும் போனில் ஏற்றிக்கொண்டு ஒன்றையும் திறக்காமல் இருப்பவர்களும் உண்டு, நானே அப்படித்தான் இருந்தேன்.

மணி நான்கு. புள்ளிகள் உள்வட்டத்துக்குள் நுழைந்து, அன்னவாசல் பக்கம் வந்துவிட்டன. கதவைச் சாத்தினோம். அக்கா சார்ஜில் இருந்த இன்னொரு போனைப் பிடுங்கி வைத்தாள். டி.வி. ஒயரையும் கழற்றினாள். "செல்லை அணைங்க, அது இடியை இழுத்துரும்" என்றார் அப்பத்தா. கையில் இருக்கும் போன் மின்னலை இழுக்காது. சுவரில் செருகிய ஒயர் வழியாகத்தான் மின்சாரம் வீட்டுக்குள் வரக்கூடும். இதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜன்னலில் பளிச்! அதே நேரத்தில் ரேடியோவில் 'சட்ட்'. அக்கா மகள் எண்ண ஆரம்பித்தாள். இருபத்து நான்காவது நொடியில் கடகடவென்று இடி உருண்டது.

"அர்ஜுனா அர்ஜுனா" என்று அப்பத்தா காதைப் பொத்திக்கொண்டார்.

"மூணு நொடிக்கு ஒரு கிலோமீட்டர். எட்டு கிலோமீட்டர்!" என்றாள் இவள். சற்று நேரம் கழித்து வரைபடத்தைப் பார்த்தோம். ஏறக்குறைய அதே தூரத்தில் புதுப் புள்ளி ஒன்று. எந்தத் திசை என்பது மட்டும் எண்ணிக்கைக்குத் தெரியவில்லை, புள்ளிக்குத் தெரிந்தது.

அப்புறம் மழை ஊற்றியது. ஐந்து மணிக்கு ஓய்ந்தது. கிணற்றடிக்கு ஓடப் பார்த்தவளை நிறுத்தினேன். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆக வேண்டும், போகிற மேகம் திரும்பிப் பார்த்து ஒரு வெட்டு வெட்டும். போனில் டைமர் வைத்தாள். கொட்டடியில் ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன. இருபத்து இரண்டாவது நிமிடம், கிழக்கே எங்கோ ஒரு மெல்லிய உறுமல்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"மொதல்ல இருந்து எண்ணுத்தா" என்றார் அப்பத்தா.