பழைய காரின் இன்ஜெக்டரைக் கழற்றிப் பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய கார் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத தூரத்திலேயே இருக்கிறது. அதனால் 20 வயதைத் தாண்டிய டொயோட்டா கொரோலா 121, நிசான் சன்னி எப்பி 15 போன்ற கார்கள் இன்னமும் நம் வீதிகளில் ஓடுகின்றன. இவற்றை வைத்திருப்பவர்கள் கராஜில் அடிக்கடி கேட்கும் வசனம், "இன்ஜெக்டர் கழற்றிக் கிளீன் பண்ண வேணும்." அந்த வேலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் வீண் செலவையும், அதைவிட முக்கியமாக ஒரு தீ விபத்தையும் தவிர்க்கலாம்.

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சிறிய வால்வு. தாங்கியில் உள்ள பம்ப் பெற்றோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் எரிபொருள் ரெயிலுக்கு அனுப்புகிறது. எஞ்சின் கணினி சொல்லும் நேரத்துக்கு மட்டும் இன்ஜெக்டர் திறந்து, பெற்றோலைப் பொடித் தூறலாக உள்ளிழுப்புக் குழாயில் தெளிக்கிறது. நுனியில் படிவு சேர்ந்தால் தூறல் கோடாக வடியும். எஞ்சின் ஐட்லிங்கில் நடுங்கும், பெற்றோல் கூடுதலாகப் போகும், புகைப் பரிசோதனையில் தோற்கவும் கூடும். பரிசோதனையில் தோற்றால் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது.

ஆனால் இதே அறிகுறிகளைத் தேய்ந்த பிளக், பழுதான கொயில், வெடித்த வக்கியூம் குழாய் ஆகியவையும் தரும். இவற்றைப் பார்க்காமல் இன்ஜெக்டரைக் கழற்றச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

வேலையின் முதற்படி அழுத்தத்தை இறக்குவது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். எரிபொருள் பம்பின் பியூஸை அல்லது ரிலேயைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், ரெயிலில் மிஞ்சிய பெற்றோல் எரிந்து தானாக நின்றுவிடும். இன்னுமொரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, பற்றரியின் மறை முனையைக் கழற்ற வேண்டும். அப்படியிருந்தும் குழாயில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்தபடியே திறக்க வேண்டும். காற்றோட்டமான இடம் வேண்டும், பீடி சிகரெட் கூடாது, பவுடர் வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, இன்ஜெக்டர்களைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் முதலில் துப்புரவாக்க வேண்டும். கழற்றிய பின் அந்த மண் துளைக்குள் விழுந்தால் எஞ்சினுக்குள் போய்விடும். பழைய காரின் மின் இணைப்பான்கள் வெப்பத்தில் காய்ந்து உடையும் நிலையில் இருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அழுத்திக் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை இலக்கமிடுவது நல்லது. ரெயிலின் போல்ட்களைக் கழற்றி, இரு பக்கமும் சமமாக மேலே தூக்கினால் இன்ஜெக்டர்களும் சேர்ந்து வரும். ரெயிலுக்குக் கீழே சிறிய ஸ்பேசர்கள் இருந்தால் தொலைத்துவிடக் கூடாது. திறந்த துளைகளை உடனே மூட வேண்டும்.

கழற்றிய இன்ஜெக்டரின் மின்தடையை மீற்றரில் பார்க்கலாம். இவ்வகைக் கார்கள் பலவற்றில் அது ஏறத்தாழ 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். ஒன்று மட்டும் பெரிதும் வேறுபட்டால் அதைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கழுவுவதற்கு அல்ட்ராசோனிக் இயந்திரமும், நான்கும் ஒரே நேரத்தில் எவ்வளவு தெளிக்கின்றன என்று ஒப்பிடும் கண்ணாடிக் குழாய்களும் உள்ள இடமே சரி. பற்றரியிலிருந்து நேராக நீண்ட நேரம் மின் கொடுத்தால் உள்ளே இருக்கும் கொயில் எரிந்துவிடும்.

பூட்டும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் மேலே பெற்றோலைத் தடுக்கும் ஓ-ரிங்கும், கீழே காற்றைத் தடுக்கும் ரப்பரும் உண்டு. பழையதைத் திரும்பப் போடவே கூடாது. ஆண்டுக்கணக்காக அழுத்தப்பட்டு இறுகிய ரப்பர் மறுபடி அடைக்காது. தண்ணீர்க் குழாய்க்குரிய ஓ-ரிங் அளவில் பொருந்தினாலும் பெற்றோலில் ஊறிப் பருத்துக் கெட்டுவிடும். எரிபொருளுக்கென்றே செய்யப்பட்டதை வாங்க வேண்டும். சிலிக்கன் பசை பூசக் கூடாது. கொஞ்சம் சுத்தமான பெற்றோல் அல்லது மெல்லிய எண்ணெய் தடவி, திருகியபடி உள்ளே தள்ள வேண்டும். பூட்டிய பின் இன்ஜெக்டர் கையால் இலகுவாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஓ-ரிங் முறுகியிருக்கிறது, கழற்றிப் புதிதாகப் போட வேண்டும்.

எல்லாம் பூட்டியதும் பியூஸையும் பற்றரியையும் இணைத்து, சாவியைச் சில தடவை ஓனில் வைக்க வேண்டும். சில கார்களில் எஞ்சினைச் சுற்றினால்தான் பம்ப் இயங்கும். அப்படியானால் ஒரு கணம் சுற்றி நிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு இணைப்பையும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிறு ஈரம் தெரிந்தாலும், பெற்றோல் மணம் வந்தாலும் எஞ்சினை இயக்கக் கூடாது. சூடான எக்ஸோஸ்ட் குழாய் அருகிலேயே இருக்கிறது.

இவையெல்லாம் உள்ளிழுப்புக் குழாயில் பெற்றோல் தெளிக்கும் சாதாரண கார்களுக்கே பொருந்தும். சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் பெற்றோல் எஞ்சின்களிலும், கொமன் ரெயில் டீசல் எஞ்சின்களிலும் அழுத்தம் பல மடங்கு அதிகம். டீசலில் அது 1000 பாரையும் தாண்டும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உடலுக்குள் போகும். அவற்றை வீட்டில் தொடவே கூடாது.

கராஜில் வேலையைக் கொடுப்பவர்கள் கேட்க வேண்டியவை மூன்றுதான்: புதிய ஓ-ரிங் போட்டீர்களா, பழையவற்றைக் காட்ட முடியுமா, அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்தீர்களா? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.