பிரசவத் துணைக்கு யார் செலவழிப்பது? பணிபுரியும் சகோதரிகள் அறிய வேண்டியவை

ஜுமுஆ முடிந்ததும் மார்க்கச் சட்டம் கேட்டு வருபவர்கள் உண்டு. அண்மையில் மாமல்லபுரம் பக்கமிருந்து வந்த இளைஞர் ஒருவர் வேறொன்று கேட்டார்: "ஹஜ்ரத், மனைவிக்குத் தலைப்பிரசவம். மாமியார் மவுத்தாகிவிட்டார். உம்மாவால் நடமாட முடியாது. கூட இருக்க அனுபவமுள்ள ஓர் அம்மாவைப் பேசியிருக்கிறோம். அந்தச் செலவை மனைவி வேலை பார்க்கும் கம்பெனியில் கேட்கலாமா?"

கோவளம் முதல் கல்பாக்கம் வரை, செங்கல்பட்டு, மறைமலை நகர்த் தொழிற்சாலைகள் வரை நம் சகோதரிகள் பலர் வேலைக்குச் செல்கிறார்கள். அவர்கள் அனைவருக்கும் உரிய கேள்வி இது.

டூலா என்பவர் யார்?

பிரசவத்துக்கு முன்பும், வலியின்போதும், பின்பும் தாயின் பக்கத்திலேயே இருந்து தைரியம் சொல்லி உதவுபவரை இன்று 'டூலா' என்கிறார்கள். இவர் மருத்துவரோ செவிலியரோ அல்ல, பிரசவம் பார்க்கமாட்டார். 2017-இல் வெளியான 26 ஆய்வுகளின் தொகுப்பு, இடைவிடாத துணை கிடைத்த பெண்களுக்கு அறுவைச் சிகிச்சை குறைவதையும் வலி நேரம் குறைவதையும் காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் இத்துணையைப் பரிந்துரைத்தது.

கம்பெனியில் என்ன கிடைக்கும்?

அமெரிக்காவில் வால்மார்ட் போன்ற நிறுவனங்கள் டூலா கட்டணத்தைத் தம் ஊழியர்களுக்கு ஏற்கின்றன. நம் நாட்டுச் சட்டத்தில் 'டூலா கட்டணம்' என்று தனி உரிமை இல்லை. ஆனால் அதற்குப் பயன்படுத்தக்கூடிய பணம் சட்டப்படி உண்டு.

முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், முந்தைய இரு பங்களிப்புக் காலங்களில் 70 நாட்களுக்குப் பங்களிப்பு செலுத்தியவருக்கு 26 வாரம் வரை முழு ஊதிய அளவில் பேறுகாலப் பயன் கிடைக்கும்.

இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவருக்கு 1961-ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் (2017 திருத்தம்) வழங்கிய உரிமைகள் உண்டு. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவை இடம்பெற்றுள்ளன. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் 26 வாரச் சம்பள விடுப்பு. இரு குழந்தைகள் உள்ளவருக்கு 12 வாரம். கர்ப்பத்துக்கான சான்று கொடுத்தால் பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை முன்பணமாகவே பெறலாம். நிர்வாகம் இலவச மருத்துவக் கவனிப்பு தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் தர வேண்டும். இதை இன்னதற்குத்தான் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. துணை இருப்பவருக்கே கொடுக்கலாம்.

குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனைச் செலவுக்கானது. துணைக்கான கட்டணம் அதில் அடங்குமா என்பதை மனிதவளப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெறுங்கள். பேறுகால விடுப்பில் இருப்பதற்காக வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். எனவே கேட்கத் தயங்க வேண்டாம்.

செலவில்லாத வழி

அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் துணை ஒருவரை அனுமதிக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வழிகாட்டியது. பிரசவம் கண்ட அனுபவமுள்ள உறவுப் பெண்ணாக இருப்பது நல்லது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் சேர்பவர்கள், பரிசோதனைக்குச் செல்லும்போதே இதைக் கேட்டு வையுங்கள்.

மார்க்கத்தின் பார்வை

பேரீச்ச மரத்தடியில் தனியே வலி தாங்கிய மர்யம் (அலை) அவர்களுக்கு, கவலைப்படாதீர் என்ற ஆறுதலையும், அருந்த நீரையும், உண்ணக் கனியையும் அல்லாஹ் அளித்ததைத் திருக்குர்ஆன் (19:23-26) சொல்கிறது. பிரசவிக்கும் பெண்ணுக்கு ஆறுதலும் ஆகாரமும் எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொன்றையும் அந்த இளைஞரிடம் சொன்னோம். மனைவி ஈட்டியது மனைவிக்கே உரியது (4:32). பேறுகாலப் பணமும் அவருடைய உழைப்பின் ஊதியம்தான். தாய்க்கு உணவும் உடையும் தரும் பொறுப்பு தந்தையுடையது (2:233). ஆகவே கம்பெனி பணம் வருகிறதே என்று கணவர் கைவிரிக்கக் கூடாது. மனைவி மனமுவந்து தந்தால் அது அவருடைய நன்மை. கேட்டுப் பறிப்பது கூடாது. சற்று நேரம் பேசாமல் நின்ற அவர், "அப்படியானால் என் சம்பளத்திலிருந்தே கொடுத்துவிடுகிறேன் ஹஜ்ரத்" என்றார்.

வேலையும் உறவும் இல்லாத ஏழைச் சகோதரிகளுக்கு இந்தச் செலவை மஹல்லா பைத்துல்மாலிலிருந்து ஏற்பது ஜமாஅத்துகளுக்கு முடியாத காரியமல்ல. நம் தாய்மார்களுக்கு அல்லாஹ் சுகப்பிரசவத்தையும், துணை நிற்கும் நல்லோரையும் தந்தருள்வானாக. ஆமீன்.