மூலைவிட்டம்

நேர்கோடுகளால் அமைந்த உருவமொன்றில், அடுத்தடுத்து நில்லாத இரு மூலைகளை இணைக்கும் கோடு மூலைவிட்டம் எனப்படும். முக்கோணத்துக்கு அஃது இல்லை; நாற்கோணத்துக்கு இரண்டு; ஐங்கோணத்துக்கு ஐந்து. 'விட்டம்' என்னுஞ் சொல் சுவர்களின்மேற் குறுக்காகக் கிடக்கும் உத்தரத்தையும், வட்டத்தின் மையத்தூடு செல்லும் கோட்டையும் குறிக்கும். கிரேக்க அறிஞர் யூக்கிளிட்டும் வட்டத்தின் விட்டத்தையும் நாற்கோணத்தின் மூலைவிட்டத்தையும் ஒரே சொல்லாற் சுட்டியமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

இதன் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. இணுவிலிற் செம்மண் தோட்டக்காணி ஒன்று 60 பாகம் அகலமும் 80 பாகம் நீளமும் உடையதாயின், கரைவழியே செல்வோன் 140 பாகம் நடத்தல் வேண்டும். தரிசாய்க் கிடக்குங் காலத்தில் மூலைக்கு மூலை கடப்போனுக்கோ 100 பாகமே போதும். சதுரமான துணியை மூலைவிட்டத்தில் மடித்தால் ஒத்த இரு முக்கோணங்கள் பெறப்படும்.

வீடு கட்டுவோர்க்கு இக்கோடு இன்றியமையாதது. 12 அடி அகலமும் 16 அடி நீளமும் கொண்ட அறைக்கு அத்திவாரம் வெட்டுமுன், எதிர்ப்பக்கங்கள் சமமாயிருத்தலை மட்டும் நோக்குதல் போதாது. பக்கங்கள் அளவிற் குறையாமலே அறை சரிந்த இணைகரமாகிவிடலாம். ஆதலின் மேசன்மார் மூலைக்கு மூலை நூல் பிடிப்பர். இரண்டும் 20 அடியாயின் மூலைகள் செங்கோணமாம். ஒன்று நீண்டு மற்றையது குறுகின் முளைகளை மாற்றி நாட்டுவர். அன்று திருத்தாத கோணல் சுவரிலும் கூரையிலும் ஏறிவிடும். பின்னர்த் திருத்துதல் அரிது. பக்கங்கள் மறைக்கும் பிழையை மூலைவிட்டமே காட்டிக்கொடுக்கின்றது.