நம் தலைநகரை நாமும் காண்போம்

தைப்பூசம் வந்தால் தோட்டப்புறத்திலிருந்து பேருந்து எடுத்துக்கொண்டு பத்துமலைக்குப் போகிறோம். போகும் வழியில் கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்களைச் சன்னல் வழியாகப் பார்க்கிறோம். ஆனால், அந்த நகரில் இறங்கி, இது நம் நாட்டின் தலைநகர் என்று நின்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? குடிமக்கள் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு முறையாவது தலைநகரைக் காண வேண்டும் என்கிறோம். அதற்கான காரணங்களை இன்று பார்ப்போம்.

முதலில் அந்த நகரின் கதையைத் தெரிந்துகொள்வோம். 1857-ஆம் ஆண்டில் ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே படகில் வந்தார்கள். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் இறங்கி, காட்டுக்குள் நடந்து அம்பாங்கை அடைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலுக்குப் பலியானார்கள். ஆயினும், அந்த ஆற்றுக் கூடலில் ஒரு கடைத்தெரு உண்டாயிற்று. அதுவே கோலாலம்பூர். சேற்று ஆற்றின் கூடல் என்பது அப்பெயரின் பொருள். 1880-இல் அது சிலாங்கூரின் தலைநகராயிற்று. 1896-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைநகராயிற்று. 1974-இல் கூட்டரசுப் பிரதேசமாயிற்று.

அந்த நகரை முதலில் வளர்த்தது ஈயம். பின்னர் வளர்த்தது ரப்பர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருட்டோடு பால்மரக் காட்டில் இறங்கிய நம் பாட்டன் பாட்டிமாரின் உழைப்பும் அதன் அடித்தளத்தில் இருக்கிறது. ஆகவே, நாம் அங்கே விருந்தாளிகளாகப் போகவில்லை, பங்காளிகளாகப் போகிறோம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலைநகரைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும்போது, "அங்கே நம்மை உள்ளே விடுவார்களா, சார்?" என்று பிள்ளைகள் எங்களைக் கேட்பதுண்டு. துரை பங்களாவின் வேலியைத் தாண்டாமல் வளர்ந்த பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்த தயக்கம் இது. தோட்டத்து ஆபீசோடு உலகம் முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறவர், தமக்கு உரிமையானதைக் கூடக் கேட்கத் தயங்குவார். அந்த ஆபீசுக்கும் மேலே சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது பிறக்கும் இடத்தைக் கண்ணால் கண்டவருக்குத் தயக்கம் குறையும்.

அந்த இடம்தான் நாடாளுமன்றம். 1963-ஆம் ஆண்டு நவம்பரில் அதன் கட்டடம் திறக்கப்பட்டது. மக்களவையில் 222 உறுப்பினர்கள் அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர் நம் தொகுதிக்காரர். நம் ஓட்டையும் கேட்டுப் போனவர். அங்கே பேசப்படுவது நம் லயத்து வீடு வரைக்கும் வருகிறது. 1990-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடியிருப்புச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் வீடு, தண்ணீர், மின்சாரம், ஆயாக் கொட்டகை ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. 2011-ஆம் ஆண்டின் சம்பள ஆலோசனை மன்றச் சட்டத்தின்கீழ்தான் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. 2013-இல் தீபகற்பத்தில் அது மாதம் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது.

அடுத்துக் காண வேண்டியது சுதந்திரச் சதுக்கம். 1957 ஆகஸ்ட் 30-ஆம் நாள் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்டு நம் கொடி ஏற்றப்பட்டது இங்கேதான். எதிரே 1897-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் நிற்கிறது. மறுநாள் காலையில் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்து, "மெர்டேக்கா" என்று ஏழு முறை முழங்கிய மெர்டேக்கா அரங்கமும் நகருக்குள்ளேயே இருக்கிறது. 1963-இல் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருளகத்தைச் சுற்றிப் பார்த்தால், புத்தகத்தில் படித்த சரித்திரம் பிள்ளைகளின் மனத்தில் பதியும்.

நம்மவர் சுவடுகளையும் காணலாம். துன் எச். எஸ். லீ சாலையில் 1873-இல் தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் பெயரால் ஒரு சாலையே இருக்கிறது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அது வாங்கியது. அச்சங்கத்தின் விஸ்மா துன் சம்பந்தன் தலைநகரில் நிமிர்ந்து நிற்கிறது. மரம் வெட்டிய கைகள் மாதாமாதம் போட்ட பணம் அது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சொல்லுங்கள்.

ஒரு விளக்கமும் தேவை. பிரதமர் அலுவலகம் 1999-இல் புத்ராஜெயாவுக்குச் சென்றுவிட்டது. அமைச்சுகள் பலவும், கூட்டரசு நீதிமன்றமும் இன்று அங்கேதான் இருக்கின்றன. ஆனால், தலைநகர் கோலாலம்பூர்தான். நாடாளுமன்றமும் மாமன்னரின் அரண்மனையும் அங்கேயே உள்ளன.

செலவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, சம்பள நாளில் ஆளுக்குச் சில வெள்ளி ஒதுக்கி வாருங்கள். கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். அடையாள அட்டையை மறவாதீர்கள். நாடாளுமன்றத்தினுள் செல்ல முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினரின் சேவை மையத்தில் உதவி கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை. பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத பிள்ளை உங்கள் குடும்பத்தில் இருந்தால், பயணத்துக்குப் பணம் சேர்க்குமுன் அருகிலுள்ள தேசியப் பதிவிலாகாவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். குடிமகன் என்பதற்கு ஆதாரம் அந்தப் பத்திரம்தான்.

திரும்பி வந்ததும், கண்டதைப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். நாளை சம்பளச் சீட்டில் ஏதேனும் புரியாவிட்டால், கிராணியிடம் நிமிர்ந்து நின்று விளக்கம் கேளுங்கள். தலைநகருக்குப் போய் வந்ததன் பயன் அதுவே.