ஏப்ரல் 14, துறையூர்

துறையூரில் மளிகைக் கடையோ மருந்துக் கடையோ சலூனோ, கல்லாவுக்குப் பின்னால் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். அதில் ஏப்ரல் 14 தாளை மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். 2025இல் அது திங்கட்கிழமை. எண் சிவப்பு. விசுவாவசு வருடம், சித்திரை 1. ராகு காலம் காலை 7.30 முதல் 9 வரை, எமகண்டம் 10.30 முதல் 12, குளிகை 1.30 முதல் 3. சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர். அதாவது அன்று பெரம்பலூருக்குக் கிளம்புகிறவர் ஒரு வாய் தயிர் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினால் போதும். இவ்வளவுக்கும் நடுவே பொடி எழுத்தில் தமிழ்ப் புத்தாண்டு என்றும் அம்பேத்கர் பிறந்த நாள் என்றும் போட்டிருக்கும்.

உள்ளங்கை அளவு தாள்தான். ஆனால் கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் இந்த ஊரில் அந்த ஒரு நாள் மாறிய மாதிரி வேறெந்த நாளும் மாறியிருக்காது.

முன்பெல்லாம் சித்திரை ஒன்று துறையூரில் வயலில் தொடங்கும். நல்ல நேரம் பார்த்து மாட்டைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, நல்லேர் பூட்டி நாலு சால் ஓட்டுவார்கள். உழுவதற்கான காலம் அது இல்லை; மண் காய்ந்து கட்டி தட்டிக் கிடக்கும். இருந்தாலும் வருடத்தின் முதல் உழவு அன்றுதான். வீட்டில் வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் சேர்ந்த பச்சடி. கால் வலு உள்ளவர்கள் பெருமாள்மலை ஏறிவிட்டு வருவார்கள். கோயிலில் பஞ்சாங்கம் வாசிப்பு.

அந்த வாசிப்பை இன்றைய ராசிபலன் நிகழ்ச்சி மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. இந்த வருடத்துக்கு ராஜா எந்தக் கிரகம், மந்திரி யார், மேகாதிபதி யார், மழை எத்தனை மரக்கால் என்று அய்யர் வரிசையாகப் படிப்பார். கூட்டம் காது கொடுத்துக் கேட்பது மழைக் கணக்கை. காவிரி முசிறியோடு சரி. துறையூர்ப் பக்கம் ஏரியும் கிணறும்தான். பச்சமலையில் பெய்தால்தான் ஏரிக்குத் தண்ணீர். மரக்கால் கணக்கு பலித்ததா இல்லையா என்பது வேறு விஷயம். அடுத்த சித்திரை வரைக்கும் அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைத்ததே, அதுவும் ஒரு பயன்தான்.

இப்போது நல்லேர் டிராக்டரில் நடக்கிறது. சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் டிராக்டருக்கு உண்டு. பூட்டத்தான் நுகத்தடி இல்லை. பஞ்சாங்கம் யூடியூபில் வாசிக்கப்படுகிறது. அதில் மழைக் கணக்கை ஓட்டிவிட்டுத் தங்கள் ராசி எந்த நிமிடத்தில் வருகிறது என்று தேடிப் போகிறார்கள்.

இன்னும் ஒரு மாற்றம், வெளியூர்க்காரர் கண்ணில் சட்டென்று படாதது. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாளும் ஆயிற்றே. அன்றைக்கு அது காலனிகளின் விழா. ஒரு படம், ஒரு மாலை, வாடகை ஒலிபெருக்கி, வெளியூரிலிருந்து வந்து பேசும் ஒருவர். மெயின் ரோட்டுக்காரர்களுக்கு அது எப்படியும் புத்தாண்டு லீவு. லீவுக்கு இரண்டாவது காரணம் ஒன்று இருக்கிறது என்பதே பலருக்கு உறைத்ததில்லை. 1990இல் அவருக்குப் பாரத ரத்னா, மறு ஆண்டு நூற்றாண்டு. அதன் பிறகு தமிழ்நாடு முழுக்கச் சிலைகள் கூடின. சிலைக்கு இரும்புக் கம்பிக் கூண்டு போட வேண்டியிருந்தது என்பதும் அதே கதையின் பகுதி.

துறையூருக்கு இதில் தனிக் கதை உண்டு. நீண்ட காலம் இந்தப் பகுதி உப்பிலியபுரம் என்ற பழங்குடியினர் தொகுதியில் இருந்தது. பச்சமலையில் வாழும் மலையாளி மக்களை முன்வைத்த ஒதுக்கீடு அது. 2008 தொகுதி மறுவரையறையில் உப்பிலியபுரம் மறைந்தது. துறையூர் பட்டியல் இனத்தவருக்கான தனித் தொகுதி ஆனது. தனித் தொகுதியாக அது சந்தித்த முதல் சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு நடந்தது 2011 ஏப்ரல் 13. விரலில் மை காயாமல் மறுநாள் அம்பேத்கர் படத்துக்கு மாலை. யாரும் திட்டமிட்டு வைத்த தேதி அல்ல. ஆனாலும் சில தற்செயல்கள் நன்றாகவே அமைந்துவிடுகின்றன. இன்று எந்தக் கட்சிக்காரரும் அன்றைய மாலையைத் தவறவிட முடியாது. 2022இல் அரசு அந்த நாளைச் சமத்துவ நாளாக அறிவித்த பிறகு, அலுவலகங்களில் கை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். 14 விடுமுறை என்பதால் முந்தைய வேலை நாளிலேயே எடுத்துவிடுவதும் உண்டு. காலனித் தெருவில் ஒலித்த பெயரைத் தாலுகா ஆபீசில் வரிசையில் நின்று சொல்கிறார்கள். நல்லேரும் பஞ்சாங்கமும் சுருங்கிக்கொண்டே வந்த அதே தாளில் அகலமாகிக்கொண்டே வந்த வரி இது ஒன்றுதான்.

மற்ற வரிக்கு நேர்ந்ததோ வேறு. 2008இல் தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாள் என்று சட்டம் வந்தது. வந்தபோது அந்த வருடத்து காலண்டர் எல்லாச் சுவரிலும் ஏறிவிட்டது; சிவகாசி அச்சகங்கள் சித்திரை ஒன்றில் பழையபடியே புத்தாண்டு என்று போட்டிருந்தன. அடுத்து வந்த சில வருடங்கள் தொலைக்காட்சியில் ‘சித்திரைத் திருநாள் சிறப்பு நிகழ்ச்சிகள்’ என்று வார்த்தையை அளந்து சொன்னார்கள். 2011 ஆகஸ்டில் சட்டம் நீக்கப்பட்டது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக்கான மாதிரி ஆல்பம் வெளியிடுவது சிவகாசி வழக்கம். அந்த வருட ஆல்பம் வந்து சில வாரங்கள் கழித்துத்தான் சட்டம் போனது. இரண்டு முறையும் சட்டசபையை விட அச்சகம் முந்திக்கொண்டது. நடுவில் துறையூர் அடுக்களைகளில் பச்சடி நின்றதாகத் தெரியவில்லை. தையா சித்திரையா என்ற வழக்கு டீக்கடை பெஞ்சில் மட்டும் இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது.

சித்திரை ஒன்றும் ஏப்ரல் 14ம் பிரிக்க முடியாத ஜோடி என்று நமக்கு ஒரு நினைப்பு. அப்படி இல்லை. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நேரத்தை வைத்துச் சித்திரை பிறக்கிறது. அது சூரிய அஸ்தமனத்துக்கு முன் நடந்தால் அன்றே முதல் தேதி, பின் நடந்தால் மறுநாள். நட்சத்திரங்களை வைத்து அளக்கும் இந்த வருடம் ஆங்கில வருடத்தை விடச் சுமார் இருபது நிமிடம் நீளம். சேர்த்துப் பார்த்தால் எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வாக்கில் நம் புத்தாண்டு முன்னே நகர்கிறது. 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் மக்கள் கூடியிருந்தது வைசாகி நாளில். அது ஏப்ரல் 13. அம்பேத்கர் பிறந்த 1891இல் ஏப்ரல் 14க்கு முன்பே சித்திரை பிறந்து ஓரிரு நாள் ஆகியிருந்தது. ஒருவர் ஆங்கிலத் தேதியில் நிலையாக உட்கார்ந்திருக்க, சித்திரை நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். அதே சூரியக் கணக்கில்தான் இலங்கையில் சிங்களரும் தமிழரும் சேர்ந்து புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். தாய்லாந்தில் சொங்க்ரான் என்று தெருத்தெருவாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் அதன் வழி வந்ததே. அந்த வெயிலுக்கு நம்மவர்களுக்கு ஏன் இந்த யோசனை வரவில்லை என்று துறையூரில் ஏப்ரல் மதியம் நடந்தவர்கள் கேட்பார்கள்.

ஒரு நாளை எந்தக் கணக்கில் நினைவு வைத்துக்கொள்வது என்பதிலும் முன்னோர் வழி வேறு. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்குத் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி மறைந்தார். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸான் அப்போது அங்கே இருந்தார். அந்த நேரத்தில் ஒரு எரிநட்சத்திரத்தைக் கண்டதாகச் சொன்னார். உலகம் ஏப்ரல் 14 என்று குறித்து வைத்திருக்கிறது. ரமணாசிரமமோ திதி பார்த்து ஆராதனை நடத்துகிறது. திருச்சியில் கடைசி நாட்களைக் கழித்த எம்.ஆர். ராதா பிறந்ததும் 1907 ஏப்ரல் 14 என்றுதான் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள். அவர் இறந்தது 1979 செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்த நாள். நாள் நட்சத்திரத்தை மேடையில் அவ்வளவு கிண்டல் செய்தவருக்கு நாட்கள் இப்படிப் பொருந்தியதை அவரே சொல்லியிருந்தால் கைதட்டல் வாங்கியிருப்பார்.

வெளியுலகச் சங்கதிகள் இந்த ஊருக்கு வந்த வழியும் மாறிவிட்டது. அன்று ரயில் இல்லை, இன்றும் இல்லை. திருச்சியிலிருந்து மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை, புலிவலம் வழியாக முதல் பஸ்ஸில் பேப்பர் வர வேண்டும். இல்லாவிட்டால் 1939 மே 16 முதல் பேசிக்கொண்டிருக்கும் திருச்சி வானொலி. 1944 ஏப்ரல் 14 மாலை பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்துச் சிதறியது. உள்ளே வெடிமருந்து, பருத்திப் பொதிகள், தங்கக் கட்டிகள். முதலில் பற்றியது பருத்தி. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மொத்தத்தில் இறந்தவர்கள் பல நூறு. போர்க்காலத் தணிக்கையால் நம் பத்திரிகைகளில் விவரம் வர வாரக்கணக்கில் ஆனது. பருத்தி விளையும் துறையூர்ப் பக்கம் அந்தப் பொதிகள் எரிந்த கதை எப்போது வந்து சேர்ந்திருக்குமோ!

ஆனால் இன்று இந்த நாளை வாட்ஸ்அப் இல்லாமலேயே நினைவில் வைத்திருக்கும் ஓர் இடம் துறையூர் தீயணைப்பு நிலையம். ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் தீத்தொண்டு வாரம், பம்பாயில் இறந்தவர்களுக்காகத்தான். காலையில் வீர வணக்கம். பிறகு பொது இடங்களில் செயல்விளக்கம். ஒரு வீரர் கேஸ் சிலிண்டர் வாயைப் பற்றவைத்து, ஆள் உயரத்துக்குத் தீ எழும்பும் வரை விட்டு, நனைத்த சாக்கை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னே போய் ஒரே போர்வையாகப் போர்த்துவார். புஸ்ஸென்று அடங்கும். சாக்குக்கு மேலே கை முட்டி தெரியக் கூடாது என்பார். வைக்கோல் போரும் கரும்புக் காடும் பற்றி எரியும் சித்திரை மாதத்தில் இதைவிடப் பயனுள்ள ‘வரலாற்றில் இன்று’ எனக்குத் தெரியவில்லை.

செல்போனில் வருவது வேறு சரக்கு. அதிகாலை நாலரை மணிக்கே விழித்துக்கொள்ளும் ஏதோ ஒரு மாமா குடும்பக் குழுவில் போட்டுவிடுவார். லிங்கன் சுடப்பட்டது 1865, டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 என்று வரிசை போகும். இவை சரிதான். அப்புறம் உலக சாகஸ் நோய் தினம் என்பார்கள். தென் அமெரிக்காவின் பூச்சி பரப்பும் அந்த நோய் துறையூர் அரசு மருத்துவமனை வாசலை மிதித்திருக்காது. உலகக் குவாண்டம் தினம் என்று இன்னொன்று. பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான்வோல்ட்-நொடி அலகில் எழுதி முழுமையாக்கினால் முதல் மூன்று இலக்கம் 4.14 என்பதால் அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதும் வழக்கப்படி வைத்த தேதி. நாம் 14.4 என்றல்லவா எழுதுகிறோம்? கொரியாவில் அன்று துணை இல்லாதவர்கள் கருஞ்சாந்து நூடுல்ஸ் சாப்பிடுவார்களாம். அதற்கும் கீழே பூங்கொத்துப் படமும் இனிய நாள் வாழ்த்தும்.

இதில் பொய்யும் கலந்து வருவதுதான் தொந்தரவு. பிப்ரவரி 14 வந்தால் பகத் சிங் தூக்கிலிடப்பட்ட நாள் என்று ஆண்டு தவறாமல் வருகிறது; அவர் தூக்கிலிடப்பட்டது 1931 மார்ச் 23. ஐந்து வெள்ளி, ஐந்து சனி, ஐந்து ஞாயிறு கொண்ட மாதம் 823 ஆண்டுக்கு ஒருமுறைதான், பத்துப் பேருக்கு அனுப்பினால் பணம் கொட்டும் என்பது இன்னொன்று. முப்பத்தொரு நாள் மாதம் வெள்ளிக்கிழமை தொடங்கினால் அப்படித்தான் வரும். ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறை வந்தே தீரும். சுவரில் தொங்கும் காலண்டரைப் புரட்டினாலே தெரிகிற விஷயம், யார் புரட்டுகிறார்கள்?

புரட்டுகிறவர்கள் ஒரு கூட்டம் உண்டு. டிஎன்பிஎஸ்சி குரூப் நான்குக்குப் படிக்கும் பிள்ளைகள். நூலக மேசையில் ‘முக்கிய தினங்கள்’ பட்டியலை நோட்டில் எழுதி, சந்தேகம் வந்தால் புத்தகத்தில் சரிபார்த்துக்கொள்கிறார்கள். ஒரு மதிப்பெண் வேலையைத் தீர்மானிக்கும் இடத்தில் மாமாவின் ஃபார்வர்டு செல்லாது. வீட்டுக் குழுவில் வரும் தப்பை இவர்கள் திருத்தவும் பார்க்கிறார்கள். மாமா அதற்குக் கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டு மறுநாள் அதே தப்பை வேறு நிறத்தில் அனுப்புவார்.

அவர்களுக்கு ஒரு கேள்வி நான் தருகிறேன். இப்போது சூரியன் மேஷத்தில் நுழைவது லீப் ஆண்டையொட்டிக் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும், இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி அந்த நேரம் சில வருடங்களில் 14ஆம் தேதி அஸ்தமனத்தைத் தாண்டிவிடும். சித்திரை ஒன்று ஏப்ரல் 15க்குப் போகும். வேறு முறையில் கணக்கிடும் கேரளத்தில் விஷு இப்போதே சில வருடம் 15இல் வருகிறது. 2100 லீப் ஆண்டு அல்ல என்பதால் அதற்குப் பிறகு ஜோடி மொத்தமாகப் பிரியும். அம்பேத்கருக்கு 14, புத்தாண்டுக்கு 15. துறையூர் தாலுகா ஆபீசுக்கு அப்போது அடுத்தடுத்து இரண்டு நாள் லீவா, இல்லை ஒன்றை வெட்டிவிடுவார்களா?